மருந்து வந்தது, பத்தியம் வரவில்லை: டெபியன் 12.3க்கு நடந்தது என்ன?

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 12ஆம் பதிப்பில் வெளியீடுகளின் வரிசையைப் பார்த்தால் 12.2 இருக்கும், அதற்கடுத்து 12.4 இருக்கும். நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. 12.3 என்ற எண்ணில் நிறுவல் படிமம், அதாவது கணினியில் டெபியனை ஏற்றும் கோப்பு, எதுவும் வெளியாகவில்லை. அந்த எண்ணை விழுங்கியது ஒரு கெர்னல் மேம்படுத்தல். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு. லினக்ஸில் கெர்னல் மேம்படுத்தல் பற்றி யாராவது கேட்டால் நான் கட்டளைகளை அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிவைத்துவிட்டு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கட்டளை இரண்டு வரி. அதன் பின்னால் நடப்பதுதான் பெரிய விஷயம்.

அந்தச் சனிக்கிழமை

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. டெபியன் 12, அதாவது புக்வர்ம், வெளிவந்து சரியாக ஆறு மாதம் ஆகப்போகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை டெபியன் குழு தன் நிலையான பதிப்புக்குச் சேர்ந்துவிட்ட திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வெளியிடும். புதிய வசதிகள் எதுவும் அதில் வராது. பாதுகாப்புத் திருத்தங்களும் வழு நீக்கங்களும் மட்டும்தான். அன்றைக்கு 12.3 வர வேண்டும்.

இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் புதிய பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள், களஞ்சியத்துக்குள் போகும், அங்கிருந்து உலகெங்கும் உள்ள மிரர்கள் எனும் நகல் சர்வர்களுக்குப் பரவும். அதன்பின் நிறுவல் படிமங்களை உருவாக்கி, தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். முதல் கட்டம் முடிந்துவிட்டது. இரண்டாவது கட்டத்தில் இருக்கும்போதுதான் தகவல் வந்தது: மூட்டைக்குள் இருக்கும் கெர்னல், வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் தரவைச் சிதைக்கிறது. டெபியனின் வழுப் பதிவில் இது 1057843ஆம் எண்.

படிம வேலையை அப்படியே நிறுத்தினார்கள். இப்போதைக்கு எந்தக் கணினியையும் மேம்படுத்த வேண்டாம், தானியங்கி மேம்படுத்தல் வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒரு இயங்குதளமே தன் பயனர்களிடம் 'அப்டேட் செய்யாதீர்கள்' என்று கேட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ஆனால் படிமத்தை நிறுத்த முடிந்ததே தவிர, மிரர்களுக்குப் போய்விட்ட பொதியைத் திரும்ப அழைக்க முடியாது. அது ஏற்கெனவே பல கணினிகளில் இறங்கிவிட்டிருந்தது.

நிறுவுவது வேறு, ஓடுவது வேறு

இங்கே கொஞ்சம் நின்று, கெர்னல் மேம்படுத்தலில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அன்று யார் தப்பித்தார்கள், யார் மாட்டினார்கள் என்பது இதில்தான் இருக்கிறது.

மற்ற பொதிகளை மேம்படுத்தும்போது பழையது போய்ப் புதியது அந்த இடத்தில் உட்காரும். கெர்னல் அப்படி இல்லை. டெபியனில் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்று ஒரு பொதி இருக்கிறது. அதற்குள் கெர்னல் எதுவும் கிடையாது. 'இப்போதைய கெர்னல் இதுதான்' என்று கை காட்டுவது மட்டுமே அதன் வேலை. புதிய கெர்னல் தனிப் பெயருள்ள வேறொரு பொதியாக வந்து, பூட் அடைவில் பழையதன் பக்கத்திலேயே உட்காரும். கணினி எழும்போது அதற்குத் தேவைப்படும் தொடக்க ரேம் படிமம் தயாராகும், எந்தக் கெர்னலில் ஏறுவது என்று காட்டும் கிரப் பட்டியல் புதுப்பிக்கப்படும். அவ்வளவுதான். உங்கள் கணினி அந்த நொடியிலும் பழைய கெர்னலில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரீபூட் செய்தால்தான் புதியது பொறுப்பேற்கும்.

அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் என்ற தானியங்கி மேம்படுத்தல் கருவி, டெபியனில் அதன் இயல்பு அமைப்பின்படி பாதுகாப்புத் திருத்தங்களோடு இந்த மூட்டை வெளியீடுகளையும் இறக்கி நிறுவிவிடும். ஆனால் இயல்பு அமைப்பில் அது தானாக ரீபூட் செய்யாது. ஆகவே அன்று இரவோடு இரவாகச் சிதைக்கும் கெர்னல் வந்து உட்கார்ந்த பல சர்வர்களில், அது வட்டில் சும்மா படுத்திருந்தது. 'ரீபூட் தேவை' என்ற நினைவூட்டலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த சோம்பேறி நிர்வாகிகளை அன்று அந்தச் சோம்பலே காப்பாற்றியது. ஒழுங்காக உடனே ரீபூட் செய்தவர்கள்தான் மாட்டினார்கள். இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு நாளில், பாதுகாப்பு ஓட்டை விஷயத்தில், இதே சோம்பல் வீட்டைத் திறந்து போட்டுவிடும்.

இன்னொரு குழப்பம் எண்களில் இருந்தது. எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று பார்க்க எல்லோரும் 'யூநேம் -ஆர்' என்றுதான் அடிப்பார்கள். டெபியனில் அது 6.1.0-14-ஏஎம்டி64 என்று காட்டும். செய்தியில் வந்த எண்ணோ 6.1.64. 'என்னுடையது 6.1.0, நான் தப்பித்தேன்' என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. அந்த 6.1.0-14 என்பது பொதிக்கு டெபியன் வைக்கும் பெயர். உள்ளே இருக்கும் உண்மையான பதிப்பு 6.1.64-1. அதைப் பார்க்க 'யூநேம் -வி' என்று கேட்க வேண்டும். இதற்கு முந்தைய 12.2, 2023 அக்டோபர் 7 அன்று வந்தது. அதில் இருந்த 6.1.0-13 உண்மையில் 6.1.55-1. அதில் இந்தச் சிக்கல் இல்லை.

நல்லது செய்ய வந்த திருத்தம்

இப்போது வழுவுக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் தரவைச் சிதைத்த அந்தத் திருத்தம், தரவு தொலையாமல் இருக்கத்தான் எழுதப்பட்டது.

எக்ஸ்ட்4இல் பழைய குறை ஒன்று இருந்தது. ஒரு நிரல் ஒரு கோப்பை நேரடி எழுத்து முறையில் திறக்கிறது. அதாவது கெர்னலின் இடைநிலை நினைவகத்தைத் தொடாமல் வட்டுக்கே எழுதுகிறது. கூடவே 'எழுதியது வட்டில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபின்தான் எனக்குப் பதில் சொல்' என்றும் கேட்கிறது. கெர்னலும் 'ஆயிற்று' என்று பதில் சொல்லிவிடும். ஆனால் கோப்பின் புதிய நீளத்தை வட்டில் குறிக்கும் வேலை, அந்தப் பத்திரப்படுத்தல் முடிந்த பிறகுதான் நடந்துகொண்டிருந்தது. சரியாக அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், எழுதி முடித்ததாகச் சொன்ன தரவு, கோப்பின் நீளத்துக்கு வெளியே அநாதையாக நிற்கும். சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த யான் காரா இதற்கு ஒரு திருத்தம் எழுதினார்: நீளத்தைக் குறிக்கும் வேலையை, எழுத்து முடியும்போது கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். 6.7 கெர்னலுக்குத் தயாரானபோது இது சேர்ந்தது. அங்கே அது சரியாகவே வேலை செய்தது.

அந்த மாற்றத்தோடு ஒரு சின்ன நுணுக்கமும் வந்தது. எழுத்து வெற்றிகரமாக முடிந்தால் எக்ஸ்ட்4இன் அந்த முடிப்பு ஃபங்ஷன் முன்பு 0 என்று திருப்பிச் சொல்லும். திருத்தத்துக்குப் பின், எத்தனை பைட் எழுதப்பட்டதோ அந்த எண்ணைச் சொல்லும்.

அந்தப் பதிலைக் கேட்டுக்கொள்வது ஐயோமேப் என்ற, பல ஃபைல் சிஸ்டங்கள் பகிர்ந்துகொள்ளும் கெர்னல் அடுக்கு. அது பழைய கெர்னல்களில் எப்படி நடந்துகொண்டது என்றால், பதில் 0 என்றால் மட்டுமே கோப்பில் 'அடுத்து எழுத வேண்டிய இடம்' என்ற குறியை முன்னால் நகர்த்தும். வேறு எந்த எண் வந்தாலும் நகர்த்தாது. கிறிஸ்டோஃப் ஹெல்விக் எழுதிய வேறொரு திருத்தம் இந்த நடத்தையை மாற்றியது: பதில் எதிர்மறையாக, அதாவது பிழையாக, இருந்தால் மட்டும் நகர்த்தாதே, மற்றபடி நகர்த்து. அந்த மாற்றம் 6.5 கெர்னலில் சேர்ந்தது. ஆகவே 6.5க்குப் பின்னால் வந்த எல்லாவற்றிலும் யான் காராவின் திருத்தம் பத்திரமானது. ஆனால் புதிய கெர்னலுக்கு எழுதிய திருத்தங்களைப் பழைய நீண்டகால ஆதரவுத் தொடர்களுக்கும் எடுத்துச் செல்வது வழக்கம். டெபியன் 12 பயன்படுத்தும் 6.1 அப்படிப்பட்ட ஒரு தொடர். அதில் அந்த முன்மாற்றம் கிடையாது.

சித்த மருத்துவரிடம் போனால் மருந்தோடு பத்தியமும் சொல்லி அனுப்புவார். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு பத்தியத்தை விட்டால், அதே மருந்து வயிற்றைக் கலக்கிவிடும் என்பார்கள். 6.1.64க்கு மருந்து வந்து சேர்ந்தது. பத்தியம் 6.5இலேயே தங்கிவிட்டது.

விளைவைக் கடைக் கணக்கு நோட்டை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கணக்குப்பிள்ளை ஒரு வரி எழுதுகிறார், விரலை அடுத்த வரிக்கு நகர்த்துகிறார், அடுத்ததை எழுதுகிறார். ஒரு நாள் விரலை நகர்த்த மறந்துவிட்டார். இரண்டாவது கணக்கு முதலாவதன் மேலேயே எழுதப்படுகிறது. முதலாளி 'எழுதினாயா?' என்று கேட்டால் 'எழுதினேன்' என்பார், பொய்யும் இல்லை. கெர்னலும் அப்படித்தான் செய்தது. 4096 பைட் எழுதச் சொன்னால் எழுதியது, 4096 என்று சரியாகவே பதில் சொன்னது. குறி மட்டும் நகரவில்லை. அடுத்த 4096 முந்தையதன் தலையில் இறங்கியது. பிழைச் செய்தி கிடையாது, கெர்னல் பதிவேட்டில் ஒரு முணுமுணுப்பும் கிடையாது.

மணி அடித்தது, வேறு அறையில்

இது யாருக்குமே தெரியாமல் நழுவிவிட்டதா என்றால், இல்லை. அதுதான் இந்த நிகழ்வில் உறுத்துகிற இடம்.

நவம்பர் இறுதியில், 5.15 என்ற இன்னொரு நீண்டகால ஆதரவுத் தொடரின் 5.15.140 வெளியீட்டுக்கான வரைவு மதிப்பாய்வுக்கு வந்தது. நிலையான தொடர்களைப் பார்த்துக்கொள்ளும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இப்படி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் பேட்ச்களை, அதாவது திருத்தங்களை, பொதுவில் வைப்பார்; வழக்கமாக இரண்டு நாள் அவகாசம் இருக்கும். லினாரோ போன்ற அமைப்புகள் அதைப் பல வகை வன்பொருள்களில் ஓட்டிச் சோதித்துச் சொல்லும். அந்தச் சோதனையில் லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் தொகுப்பில் உள்ள பிரீட்வி03 என்ற சோதனை எக்ஸ்ட்4இல் தோற்றது.

அந்தச் சோதனை செய்வது ரொம்ப எளிய காரியம். நேரடி எழுத்து முறையில் கோப்பைத் திறந்து, ஒரு துண்டு முழுக்க ஆங்கில 'ஏ' எழுதும், அடுத்த துண்டு முழுக்க 'பி' எழுதும். பிறகு படித்துப் பார்க்கும். முதல் இடத்தில் 61 இருக்க வேண்டும், 62 இருக்கிறது என்று சோதனை புகார் சொன்னது. பதினறும எண்ணில் 61 என்றால் 'ஏ', 62 என்றால் 'பி'. இரண்டாவது எழுதியது முதலாவதன் மேல் உட்கார்ந்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சோதனையால் சொல்ல முடியாது. நோயின் பெயரையே அது சொல்லிவிட்டது.

ஆனால் அந்தப் பேச்சு 5.15 வரைவின் கீழ் நடந்துகொண்டிருந்தது. 6.1.64 அதே திருத்தத்தைச் சுமந்துகொண்டு நவம்பர் 28 அன்று வெளியானது. டிசம்பர் 5 அன்று யான் காரா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஐயோமேப் முன்மாற்றம் இல்லாத எல்லாத் தொடர்களிலும் தன் திருத்தம் தரவைச் சிதைக்கிறது, 6.1இல் அது இன்னும் இருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள், பழைய தொடருக்கு ஏற்ற முறையான வடிவத்தை, அதாவது பேக்போர்ட்டை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். எழுதியவரே தன் பேட்ச்சைத் தூக்கி எறியச் சொன்ன அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை, 6.1.66 வெளியானது. அதில் அந்தத் திருத்தம் விலக்கப்பட்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை டெபியன் 6.1.64ஐ மிரர்களுக்கு அனுப்பியது.

ஒரே ஒரு நாள். யாரைக் குறை சொல்வது என்று யோசித்தால் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. மூட்டை வெளியீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சில நாட்களுக்கு முன்பே உறைய வைத்தாக வேண்டும். கடைசி நாளில் புதுக் கெர்னலை நுழைப்பதுதான் பொறுப்பில்லாத செயலாகக் கருதப்படும். நிலையான தொடரின் வெளியீடு ஒன்றிலேயே நூற்றுக்கணக்கான பேட்ச்கள் வருவதுண்டு. ஒவ்வொன்றும் எந்த முன்மாற்றத்தை நம்பி நிற்கிறது என்று மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. இந்தத் திருத்தமோ 6.1இல் எந்த உரசலும் இல்லாமல் ஒட்டியது, சத்தமில்லாமல் கம்பைல் ஆனது. உடைந்தது இரண்டு ஃபங்ஷன்களுக்கு இடையே எழுதப்படாமல் இருந்த ஒரு ஒப்பந்தம்: '0 என்றால் சரி' என்பதா, 'எதிர்மறை இல்லையென்றால் சரி' என்பதா. கம்பைலருக்கு இரண்டும் ஒரே எண் வகைதான்.

யாருக்கு அடி?

செய்தியின் தலைப்பைப் பார்த்தால் எக்ஸ்ட்4 வைத்திருந்த எல்லோர் கோப்பும் போயிற்று என்று தோன்றும். அவ்வளவு இல்லை. சாதாரண நிரல்கள், எடிட்டர், பிரவுசர், ஏன் டெபியனின் பொதி நிறுவியே கூட, நேரடி எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. இடைநிலை நினைவகம் வழியாகத்தான் எழுதுகின்றன. அவற்றுக்கு ஆபத்தில்லை. நேரடி எழுத்தைப் பயன்படுத்தும் பெரிய தரவுத்தளங்களும் மெய்நிகர் கணினி மென்பொருள்களும் பெரும்பாலும் 'இந்த இடத்தில் எழுது' என்று ஒவ்வொரு முறையும் இடத்தையும் சேர்த்தே சொல்கின்றன. கெர்னலின் குறியை நம்பி நிற்பதில்லை. மாட்டக்கூடியவை நேரடி எழுத்தில் திறந்துவிட்டு வரிசையாக எழுதிக்கொண்டே போகும் நிரல்கள். வட்டுப் படிமம் எடுக்க டிடி கட்டளையை நேரடி எழுத்து விருப்பத்தோடு ஓட்டுவது கண்முன்னே உள்ள உதாரணம்.

ஆக, வட்டம் சிறியது. ஆனால் அந்த வட்டத்துக்குள் விழுந்தவர்களுக்கு நிலைமை மோசம். 'சரி, எஃப்எஸ்சிகே ஓட்டிப் பார்க்கிறேன்' என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். அதனால் பயனில்லை. எஃப்எஸ்சிகே பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின் எலும்புக்கூட்டை: இனோடுகள் எனும் கோப்பு விவரக் குறிப்புகள், அடைவுகள், கட்டங்களின் கணக்கு. இங்கே எலும்புக்கூடு நன்றாகவே இருந்தது. கோப்புக்குள் இருக்கும் உள்ளடக்கம்தான் தவறு, எக்ஸ்ட்4 கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புத் தொகை வைத்துக்கொள்வதில்லை. காப்புப் பிரதியோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. அந்தக் காப்புப் பிரதியை எடுத்ததே இந்தக் கெர்னல் ஓடியபோதுதான் என்றால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

அன்று செய்ய வேண்டியிருந்தது என்ன? புதிய கெர்னல் நிறுவப்பட்டு இன்னும் ரீபூட் ஆகாத கணினி என்றால், ரீபூட் செய்யாமல் இருப்பது போதும். ரீபூட் ஆகிவிட்டிருந்தால், கிரப் திரையில் 'கூடுதல் தேர்வுகள்' பகுதிக்குப் போய் 6.1.0-13ஐத் தேர்ந்தெடுத்து ஏற வேண்டும். அது இன்னும் வட்டில் இருக்கும். முந்தைய கெர்னலை, டெபியனில் பொதிகளை நிர்வகிக்கும் ஆப்ட் அவசரப்பட்டு நீக்காது. இது மேலும் சேதமாவதை நிறுத்தும். ஆன சேதத்தைத் திருப்பாது.

இதில் ஒரு குழியும் உண்டு. சிலர் 6.1.0-14 பொதியையே வேரோடு நீக்கிவிடலாம் என்று நினைப்பார்கள். நீக்கலாம். ஆனால் மேலே சொன்னேனே, கை காட்டும் பொதி, லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64, அது அந்த 14ஐச் சார்ந்து நிற்கிறது. 14ஐ நீக்கினால் ஆப்ட் இதையும் சேர்த்து நீக்கும். பட்டியலை முழுதாகப் படிக்காமல் 'ஆம்' என்று அடித்துவிட்டால், அதன்பின் அந்தக் கணினிக்குப் புதுக் கெர்னலே வராது. அப்டேட் ஓடும், எல்லாம் சமீபத்தியது என்று சொல்லும், கெர்னல் மட்டும் 2023லேயே நிற்கும். தரவுச் சிதைவைவிட இது மெதுவான விஷம்.

12.4, அதற்கப்புறமும் ஒன்று

மறுநாள் ஞாயிறு, டிசம்பர் 10, டெபியன் 12.4ஐ வெளியிட்டது. 12.3இல் வர வேண்டியிருந்த எல்லாத் திருத்தங்களும் அதில் இருந்தன, கெர்னல் மட்டும் 6.1.66-1, பொதிப் பெயரில் 6.1.0-15. வார இறுதியில், சம்பளமில்லாத ஆட்கள், ஒரு நாளைக்குள் இதைச் செய்து முடித்தார்கள்.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 15ஐ ஏற்றிக்கொண்டு ரீபூட் செய்த மடிக்கணினிக்காரர்கள் சிலருக்கு வைஃபை உறைந்தது. நெட்வொர்க்கைத் தொடும் எந்தக் கட்டளையும் பதில் சொல்லாமல் தொங்கியது, கணினியை அணைக்கப் போனால் அதுவும் அணையவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வைஃபை அடுக்கில் சிக்னல் வலிமையைக் கண்காணிக்கும் பகுதிக்கு 2023 நவம்பரில் ஒரு திருத்தம் வந்திருந்தது. அதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டில், முதன்மைக் கெர்னலில் ஒரு பூட்டை முழுவதுமாக நீக்கியிருந்தார்கள். ஆகவே நவம்பர் திருத்தத்தை எழுதியவர் பூட்டைத் திறப்பது பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. அங்கே பூட்டே இல்லை. பழைய தொடர்களுக்கு நவம்பர் திருத்தம் மட்டும் போனது. அங்கே பூட்டு இருந்தது. சில பாதைகளில் பூட்டியது திறக்கப்படாமலேயே நின்றுவிட்டது, அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த ஒவ்வொன்றும் வரிசையில் மாட்டியது. மறுபடியும் மருந்து மட்டும்தான் வந்திருந்தது.

6.1.67இல் அந்தத் திருத்தத்தையும் விலக்கினார்கள். டெபியன் அடுத்த மூட்டை வெளியீட்டுக்காகக் காத்திருக்காமல், இடைக்கால மேம்படுத்தல் வழியாகச் சில நாட்களில் 6.1.67-1ஐ அனுப்பியது. பொதிப் பெயரில் அது 6.1.0-16. டிசம்பர் நடுவில் ஒழுங்காக அப்டேட் செய்துகொண்டிருந்த ஒருவரின் பூட் அடைவைத் திறந்திருந்தால் 14, 15, 16 என்று மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் தயக்கமில்லாமல் ஏறக்கூடியது கடைசி ஒன்றுதான்.